ஊருக்கு எது பயம் என்று யாரிடம் கேட்டார்கள்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர் ஆட்கள் நேரம் கிடைக்கும்போது முழுக்க வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கொமன்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

போன மாதம் எங்கள் பாடசாலைப் பக்கம் பொலிஸாரும் ஊர் மக்களும் சேர்ந்த கூட்டம் ஒன்று நடந்தது. "பாடசாலை சார்பா ஒருத்தர் இருக்கணும், நீங்க போங்க டீச்சர்" என்று அதிபர் சொன்னதால் போனேன். பின்னேரம் ஆறரை மணி. மஃரிபைத் தொழுதுவிட்டு, திரும்பி ஏற்றிப்போகக் காக்காவை வரச்சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. போனால் முன் வரிசையில் சபை உறுப்பினர்கள், கோயில், தேவாலய ஆட்கள், மீனவர் சங்கம், கிராம சேவகர். பெண்கள் என்று பார்த்தால் நானும் மாதர் சங்கத் தலைவியும். தேநீர் கொண்டுவந்தவரையும் சேர்த்தால் மூன்று பேர்.

வந்த அதிகாரியைப் பற்றி நல்லதைச் சொல்லியாக வேண்டும். உரை நிகழ்த்தவில்லை. தடுமாறும் தமிழில், ஆனால் தமிழிலேயே, "இந்த ஊர்ல நாங்க முதல்ல பார்க்க வேண்டிய மூணு பிரச்சினை என்ன, நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். முப்பத்தைந்து வயதுக்குள் பொலிஸ் எங்களிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறது. அடையாள அட்டை எங்கே, எங்கே போகிறாய், பைக்குள் என்ன. இந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பத்து நிமிடத்தில் வெள்ளைப் பலகை நிரம்பிவிட்டது. ஒன்று, ஐஸ். இரண்டு, கசிப்பு. மூன்று, களவு. சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள்களையும் சேர்க்கச் சொல்லி ஒரு உறுப்பினர் கேட்டார், அதையும் கீழே எழுதினார்கள். பின்னாலிருந்து ஒருவர் "மாடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அதை எழுதவில்லை.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. டியூசன் விட்டுப் பிள்ளைகள் வரும் ஒழுங்கையில் மூன்று விளக்குக் கம்பங்கள் வரிசையாக இருட்டு. நானே அதைப் பார்த்து மாதக் கணக்காகிறது, யாருக்கும் அறிவித்ததில்லை. எழும்பிச் சொல்லலாமா என்று யோசித்து, இத்தனை ஆம்பிளைகள் ஐஸ் பற்றிப் பேசும் இடத்தில் லைட்டைப் பற்றிச் சொன்னால் "மாடு" மாதிரி ஆகிவிடுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். வகுப்பில் "கையை உயர்த்துங்க, பயப்படாதீங்க" என்று தினமும் சொல்கிறவள் நான்.

அந்த வெட்கம்தான் அடுத்த வாரம் என்னை ஒரு வேலை செய்ய வைத்தது.

நான் புவியியல் படிப்பிக்கிறவள். தரம் எட்டுக்கு வரைபடப் பாடம். வழமையாகப் பாடசாலை வளாகத்தை வரையச் சொல்வேன். இந்த முறை வீட்டிலிருந்து பாடசாலைக்கும் டியூசனுக்கும் கடைக்கும் போகும் பாதையை வரையச் சொன்னேன். பயமில்லாத இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம். தாழங்குடாவில் பயிற்சி எடுத்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்வார், பிள்ளையிடம் கருத்துக் கேட்காதே, கையில் ஒரு பென்சிலைக் கொடு என்று. அன்று அதற்குச் சிரித்திருக்கிறோம்.

தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் பரப்பினேன். பெரும்பாலான பிள்ளைகள் பெரிய வீதியைக் கடக்கும் இடத்தைச் சிவப்பாக்கியிருந்தார்கள். மட்டக்களப்பு திருகோணமலை ஏ15 வீதி எங்கள் ஊருக்குள்ளால் போகிறது என்பது வரைபடத்தில் ஒரு கோடு. பஸ்ஸும் டிப்பரும் வரும்போது புத்தகப்பையோடு நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அது கோடு இல்லை. அடுத்தது நான் சொல்லாமல் விட்ட அதே ஒழுங்கை. பிறகு நாய்கள். பிறகு, சிரிக்காதீர்கள், மாடு. ஒரு பெடியன் வீதி நடுவில் படுத்திருக்கும் மாட்டை வரைந்து பக்கத்தில் விழுந்து கிடக்கும் மோட்டார் சைக்கிளையும் வரைந்திருந்தான். இரவில் கறுப்பு மாடு வீதியில் படுத்திருந்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். வாவிக்கரையில் கண்ணாப் பற்றைக்குப் பக்கத்துப் பாழடைந்த வீடு ஒன்றும் பல தாள்களில் சிவப்பு. ஒரு கடை முன்னால் நிற்கும் பெடியன்கள் சொல்லும் வார்த்தைகளுக்காகப் பெண் பிள்ளைகள் அந்த இடத்தையே சுற்றிப் போகும் பாதையை வரைந்திருந்தார்கள். எந்தக் கடை என்று எழுத மாட்டேன்.

என்னை நிறுத்திவைத்தவை இரண்டு. பொலிஸார் வாகனங்களை மறித்து நிற்கும் இடத்தைச் சில பிள்ளைகள் சிவப்பாக்கியிருந்தார்கள். காரணம் பெரிதாக இருக்காது. வாப்பாவோ அப்பாவோ ஒரு நாள் தலைக்கவசம் இல்லாமல் போய்ப் பிடிபட்டிருப்பார், பின்னால் இருந்த பிள்ளை, தன் தகப்பன் விளங்காத பாஷையில் தலையாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கும். மற்றது, ஒரு பிள்ளை தன் வீட்டையே சிவப்பால் வட்டமிட்டிருந்தது. அதைப் பற்றி இங்கே மேலும் எழுத மாட்டேன். பேச வேண்டிய இடத்தில் பேசியாயிற்று.

இப்போது அந்த வெள்ளைப் பலகையையும் இந்தத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது அந்தப் பாழடைந்த வீடு ஒன்றுதான். மற்ற எதுவும் பலகையில் இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஐஸும் கசிப்பும் களவும் உண்மையான பிரச்சினைகள். ஆனால் அது நாற்பது வயதுக்கு மேற்பட்ட, சொந்த வீடு வளவு உள்ள, பின்னேரம் ஆறரைக்கு வெளியே வர முடிந்த ஆண்களின் பட்டியல். சமையலில் நின்றவர்களின் பட்டியல் அல்ல, தோணியோடு வாவியில் நின்றவர்களின் பட்டியலும் அல்ல.

இது எங்கள் ஊரின் குறை மட்டுமில்லை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1993 முதல் பொலிஸார் ஒவ்வொரு பகுதியிலும் மக்களைக் கூட்டி எதை முதலில் கவனிப்பது என்று கேட்கும் முறையை ஆரம்பித்தார்கள். அதைப் பல வருடம் ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகன் என்ற பேராசிரியர் கண்டதும் இதுதான்: வருகிறவர்களில் வயது கூடியவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் அதிகம். கதிரை போட்டுக் கூப்பிட்டால் வழமையாக வருகிறவர்களே வருவார்கள்.

ஐஸை இலேசாக எடுக்கிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் படிப்பித்த ஒரு பிள்ளையை அது கொண்டுபோயிருக்கிறது. சாகவில்லை. ஆனால் சந்தியில் கண்டால் என்னை அடையாளம் தெரியாமல் பார்க்கிறான். அவனுடைய உம்மா என்னிடம் வந்து கேட்டது "பொலிஸ்ல சொல்லிப் பிடிச்சுக் குடுக்கட்டா டீச்சர், வேண்டாமா?" என்று. பிடித்துக் கொடுத்தால் என்ன ஆவான் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்று வைத்தார்கள். 2023 டிசம்பரில் பதில் பொலிஸ்மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன் "யுக்திய" என்ற பெயரில் நாடு முழுக்கச் சுற்றிவளைப்பை ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள், தொலைக்காட்சியில் காட்டினார்கள். அடுத்த மாதமே அதை நிறுத்தச் சொல்லி ஐ.நா. நிபுணர்கள் கேட்டார்கள். சித்திரவதை வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் பொறுப்பாளி என்று கண்ட அதே அதிகாரியை 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் வாக்கெடுத்துப் பதவி நீக்கியது. இப்போதைய அரசாங்கம் 2025 ஒக்டோபரில் "முழு நாடுமே ஒன்றாக" என்று இன்னொரு வேலைத்திட்டம் தொடங்கியிருக்கிறது. நல்லது நடக்கட்டும், துஆச் செய்வோம். நான் சொல்ல வருவது வேறு. கொழும்பில் ஒரு பெயர் வைத்துப் பட்டியல் போட்டால் தன்னாமுனையில் அதுதான் முதலாவது பிரச்சினை ஆகிவிடுகிறது. அதிகாரி எங்களைக் கேட்டபோதுகூட, நாங்கள் தொலைக்காட்சியில் கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னோமோ என்று ஒரு சந்தேகம்.

அது புதினமும் இல்லை. எங்கள் பொலிஸ் இன்றுவரை இயங்குவது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில். வெள்ளைக்காரன் கொழும்பிலிருந்து ஆள்வதற்குப் போட்ட சட்டம். 1987இல் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதினார்கள், கொடுக்கவில்லை. அது பெரிய அரசியல், இந்தப் பதிவில் அதற்குள் போகவில்லை. பெரியது வரும்வரை ஒரு ஒழுங்கை லைட்டுக்காகக் காத்திருக்க முடியாது.

சரி, சபை உறுப்பினர்களின் பக்கத்துக்கு வருகிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024இல் உயர் நீதிமன்றமும் சொன்னது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் என்று ஒருவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், கூட்டத்துக்கும் வந்தார்கள். வந்து முன் வரிசையில் அதிதிகளாக இருந்தார்கள். அதுதான் பிழை. அவர்கள் இருக்க வேண்டிய இடம் அந்த வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில்.

ஏனென்றால் பிள்ளைகளின் தாள்களை மறுபடி பாருங்கள். லைட் யாருடைய வேலை? பிரதேச சபையுடையது. கட்டாக்காலி மாட்டைப் பிடித்து உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவது? அதுவும் சபை. நாய்க்கும் சபையிடமும் சுகாதாரப் பகுதியிடமும்தான் போக வேண்டும். ஏ15 வீதியில் கடவைக் கோடு போடுவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. அங்கே காலையில் அரை மணி நேரம் ஒரு பொலிஸ்காரர் நிற்பது பொலிஸ். பாழடைந்த வீட்டுக்குப் பொலிஸும் வேண்டும், காணி உரிமையாளரைக் கண்டுபிடித்துப் பற்றையை வெட்டவைக்கச் சபையும் வேண்டும். பிள்ளைகளின் பயத்தில் பாதிக்கு மேல் பொலிஸ் தனியாகத் தீர்க்கக்கூடியது இல்லை. கூட்டத்தில் லைட்டைச் சொன்னால் "அது சபையின்ட வேலை" என்பார்கள். சபையில் போய்ச் சொன்னால் "அந்த ஒழுங்கையில கஞ்சா குடிக்கிறவன் பல்ப்பை உடைக்கிறான், பொலிஸ் பார்க்கட்டும்" என்பார்கள். இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தி, இது உங்களுக்கு, இது உங்களுக்கு என்று பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் 2012இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பொலிஸ் ஒரு திட்டம் எழுத வேண்டும். அந்தப் பகுதியில் எதற்கு முதலிடம், ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை அந்தப் பகுதிச் சபையின் முன் வைத்து அங்கீகாரம் கேட்க வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் இருக்கிற சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. பிரதேச சபைச் சட்டம் உறுப்பினர்களோடு ஊர்வாசிகளையும் சேர்த்துக் குழு அமைக்க இடம் தருகிறது. ஊர்வாசி என்றால் பெண்ணும் ஊர்வாசி, தோணிக்காரரும் ஊர்வாசி. பொலிஸ் பொறுப்பதிகாரியும் திணைக்களங்களும் ஒன்றாக இருக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் இருக்கிறது. உறுப்பினர்கள் எங்கள் பட்டியலை அங்கே கொண்டுபோக ஒன்றும் தடையில்லை.

இன்னொரு விடயம். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தன்னாமுனை அம்மா ஒருவர், என் மாணவி ஒருத்தியின் அம்மம்மா, வேலிக்குள்ளால் கூப்பிட்டு "என்ன டீச்சர், ஆர்ற பேரெல்லாம் குடுத்தவங்க?" என்று கேட்டார். பேர் ஒன்றும் கேட்கவில்லை அம்மா, பிரச்சினையைத்தான் கேட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தன்னாமுனைக்கு வடக்கே ஏறாவூர், தெற்கே சத்துருக்கொண்டான். 1990 ஓகஸ்டில் என் ஊரில் ஒரே இரவில் நூற்றுக்கும் அதிகமானோரைக் கொன்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் அதே அளவுக்கு மேல். அங்கே எங்கள் உம்மாமார், இங்கே அவர்களுடைய அம்மாமார், இரண்டு இடத்திலும் கைக்குழந்தைகள். ஊர்காவல் படை இனம் பார்த்துச் சேர்த்தது. ஒரு ஊருக்குக் காவல் என்று நின்றவன் அடுத்த ஊருக்குப் பயமாக நின்றான். தலையாட்டிகள் இருந்த காலம். கூட்டம் என்று கூப்பிட்டால், பேர் கொடுப்பது, ஆள் காட்டுவது என்றுதான் அந்தத் தலைமுறைக்கு அர்த்தம்.

எங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் நடந்தது எங்கள் எல்லோருக்கும் வெட்கமும் வேதனையும். என் வகுப்புப் பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் அதில் இருந்தார்கள். அதற்குப் பிந்திய மாதங்களில் அபாயா உடுத்த ஆசிரியையாக நான் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைத் திறந்து காட்டியிருக்கிறேன், பரீட்சைத் தாள்களைக்கூட. "நம்மட ஊரைப் பற்றிப் பொலிஸுக்குச் சொல்லுங்க" என்று அப்போதும் கேட்டார்கள். அது அக்கறையில் கேட்டது இல்லை என்று எல்லோருக்கும் விளங்கும். ஆகவே ஏறாவூரிலும் இப்படிக் கூட்டம் என்றால் ஆட்கள் ஒதுங்குவார்கள். கோழைத்தனம் இல்லை அது.

தமிழ்நாட்டில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 1993இல் இராமநாதபுரத்தில் "பொலிஸ் நண்பர்கள்" என்று ஓர் அமைப்பை நல்ல நோக்கத்தில்தான் தொடங்கினார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, அந்த நண்பர் குழு ஆட்களின் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே அரசாங்கம் அமைப்பைத் தடை செய்தது. பொலிஸுக்கு ஊரில் கையாட்கள் இருப்பது வேறு. ஊருக்குப் பொலிஸிடம் கணக்குக் கேட்க ஒரு இடம் இருப்பது வேறு. வட்ஸ்அப் குழு ஒன்றைத் திறந்து "சந்தேகமான ஆள்" என்று யாருடைய படத்தையாவது போடுவதுதான் எங்கள் கூட்டத்தின் முடிவென்றால், முதல் ஆளாக நான் விலகுவேன். நாளை அந்தப் படம் என் தம்பியுடையதாக இருக்கலாம், உங்கள் மகனுடையதாக இருக்கலாம்.

கேரளத்தில் 2008இல் இருபது பொலிஸ் நிலையங்களில் "ஜனமைத்திரி" என்று தொடங்கியதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பொலிஸ்காரர் தன் பகுதியில் வீடு வீடாகப் போய் முகம் பழக வேண்டும். பிரச்சினை வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். எங்கள் வாசலுக்குச் சீருடை வந்தால் "என்ன நடந்தது?" என்று பக்கத்து வீட்டார் ஓடிவரும் நிலை மாற எவ்வளவு காலம் எடுக்குமோ. ஆனால் அந்த வரைபடத்தில் பொலிஸ் நிற்கும் இடம் பச்சையாக வேண்டும் என்றால் வேறு வழி தெரியவில்லை.

அதற்கு மொழியும் வேண்டும். கூட்டத்துக்கு வந்த அதிகாரி தமிழில் பேச முயன்றதற்காக ஊர் அவரை மதித்தது. நான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு (எது என்று சொல்லப் போவதில்லை) கைப்பை தொலைந்த முறைப்பாட்டுக்குப் போனேன். நான் தமிழில் சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதினார், கையெழுத்துப் போடச் சொன்னார். ஆசிரியை நான், விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கைப்பைதானே என்று விட்டேன். அதே மேசையில் அடிபட்டு வந்த ஒரு பெண் இருந்தால்? 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது.

அந்தச் சிவப்பு வட்டமிட்ட வீட்டை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டுக்குள் நடப்பதை எந்தப் பொதுக் கூட்டத்திலும் யாரும் கை உயர்த்திச் சொல்லப் போவதில்லை. தகப்பனே முன் வரிசையில் இருக்கலாம். "குடும்பப் பிரச்சினை, பேசித் தீருங்க" என்று பள்ளிவாசலிலும் சொல்வார்கள், தேவாலயத்திலும் சொல்வார்கள், பொலிஸிலும் சொல்வார்கள். 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நேராக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 பெண்களுக்கு, 1929 பிள்ளைகளுக்கு. இந்த இலக்கங்கள் எங்கள் ஊரில் எத்தனை சுவரில் இருக்கின்றன? அரசியல் கட்சி நோட்டீஸ் ஒட்டாத மதில் இல்லை.

ஆகவே சபை உறுப்பினர்களிடமும் அதிகாரியிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்தை அஸருக்குப் பிறகு, சமையலுக்கு முன் வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒன்று வைத்தால் தன்னாமுனையில் பாதி ஊர் அங்கேயே நிற்கும். ஏறாவூரில் ஜும்ஆ முடிந்து வைத்தால் ஆண்கள் நிற்பார்கள், பெண்களுக்கு வேறாக ஒன்று வேண்டும், அதை நடத்துவதற்குப் பெண் பொலிஸ் அதிகாரி ஒருவரை அனுப்புங்கள். பேர் எழுதாத துண்டுக்கு ஒரு பெட்டி வையுங்கள், பொலிஸ் நிலையத்தில் அல்ல, சங்கக் கடையிலோ தாய் சேய் நிலையத்திலோ. கூட்டத்தில் யாருடைய பேரையும் சொல்லக்கூடாது, இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்வது என்று முதலே அறிவியுங்கள். முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளோடு வாருங்கள். செய்ததற்கு நேரே சரி போடுங்கள், செய்யாததற்கு ஏன் என்று சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் கடித்து விழுங்க மாட்டோம்.

ஏறாவூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. தன்னாமுனை ஏறாவூர்ப்பற்று பிரதேச சபை, நாங்கள் ஏறாவூர் நகர சபை. சபை இரண்டு, ஆனால் வீதி ஒன்று, ஐஸ் விற்கிறவன் இரண்டு பக்கமும் விற்கிறான், மாடும் எல்லைக் கல்லைப் பார்த்துப் படுப்பதில்லை. பிள்ளைகளின் பயமும் அப்படித்தான். என் மகள் குர்ஆன் மத்ரஸா விட்டு வரும் ஒழுங்கையிலும் ஒரு கம்பம் இருட்டு. இரண்டு சபையின் உறுப்பினர்களும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒன்றாக இருந்து பட்டியலை ஒப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் களவுக்கு எங்களைச் சந்தேகிப்பதும் நாங்கள் கசிப்புக்கு அவர்களைச் சாட்டுவதும்தான் இப்போது நடக்கும் ஒப்பீடு.

"இதெல்லாம் எழுதி என்ன டீச்சர் நடக்கப் போகுது" என்று இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். லைட் அறிவித்தல் மட்டும் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை, எழுத்தில், கம்ப இலக்கங்களோடு, பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். திங்கள் வரை மூன்றும் இருட்டுத்தான்.

அடுத்த கூட்டத்துக்குத் திகதி இன்னும் சொல்லவில்லை. அதிபரிடம் அனுமதி எடுத்து, எந்தப் பிள்ளை வரைந்தது என்று தெரியாதபடி எல்லாத் தாளையும் சேர்த்து ஒரே பெரிய வரைபடமாக வரைந்து முடித்திருக்கிறேன். அந்த ஒரு வீடு மட்டும் அதில் இல்லை. சுருட்டி ஆசிரியர் அறை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறது. திகதி தெரிந்தால் யாராவது சொல்லுங்கள், கொண்டு வருகிறேன். இந்த முறை மாட்டைப் பற்றி நானே எழும்பிச் சொல்கிறேன்.